பனியில் உழவு இயந்திரம்: வாசகர் கேள்வி பதில்

முதற் பனி விழுந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறு உழவு இயந்திரத்தைப் பற்றியவை. ரொறன்ரோவையும் அதன் சுற்றுநகரங்களையும் விட்டு வடக்கே காணி வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் கூடிவருவதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே இம்மாதப் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்காபரோவிலிருந்து ஓரில்லியாவுக்கு அருகே ஐந்து ஏக்கர் காணியோடு கூடிய வீட்டுக்கு வந்தோம். தெருவிலிருந்து வீடு வரை 150 மீற்றர் கிறவல் பாதை. அதில் கடைசி 40 மீற்றர் சரிவு. 25 குதிரைவலுவுள்ள, நான்கு சில்லும் இழுக்கும் உழவு இயந்திரம் ஒன்றை முன்பக்க லோடரோடு வாங்கினேன். வன்னியில் இளவயதில் வயல் உழுதவன் நான். அங்கே சேற்றில் நிற்காமல் போன வண்டி, இங்கே பனியில் வழுக்குகிறது. சென்ற மாசி மாதம் பக்கெட் நிறையப் பனியோடு சரிவில் இறங்கியபோது, பிரேக்கை முழுதாக மிதித்தும் நிற்காமல் வேலி வரை சறுக்கிக்கொண்டு போய்விட்டது. நான்கு சில்லு இழுவை இருப்பதால் டயரைச் சுற்றிப் பூட்டும் சங்கிலி தேவையில்லை என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையில் தேவையா?
(ஓரில்லியா வாசகர்)

பதில்: வேலியோடு போனதற்காக முதலில் ஆறுதல் அடைகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. என் காணியில் வேலி இருக்கவில்லை. ஒரு பழைய மேப்பிள் மரம் இருந்தது. பக்கெட் மரத்தில் மோதி நின்றபோது என் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது. பின்சில்லு இரண்டும் சுழலாமல் இறுகிப்போய், பனியில் இரண்டு நேர்கோடுகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தன. அந்தக் கோடுகளை மறுநாள் காலையில் பார்த்தபோதுதான் நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது.

இந்த அளவுள்ள உழவு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின்சில்லுகளில் மட்டுமே இருக்கிறது. பக்கெட்டில் பாரம் ஏறியதும் வண்டியின் எடை முன்னச்சுக்குப் போய்விடுகிறது. சரிவில் இறங்கும்போது இன்னும் கூடுதலாகப் போகிறது. அப்போது பிரேக் உள்ள பின்சில்லுகள் நிலத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன. அந்நேரம் நான்கு சில்லு இழுவை போடப்படாமல் இருந்தால், முழு வண்டியையும் நிறுத்தும் பொறுப்பு பாரமே இல்லாத இரண்டு டயர்களின் மேல் விழுகிறது. இழுவையைப் போட்டிருந்தால் முன்சில்லுகளும் கியரோடு இணைந்து சுழல்வதால், பின்னே மிதிக்கும் பிரேக் அவற்றையும் பிடிக்கிறது. ஏற்றத்தில் ஏறுவதற்குத்தான் அந்த நெம்புகோல் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இறங்குவதற்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாற்றி, நான்கு சில்லு இழுவையைப் போட்ட பின்னரே இறங்குங்கள். பாரம் இருந்தால், பக்கெட் மேட்டுப் பக்கம் பார்க்கும்படி பின்னோக்கி இறங்குவது இன்னும் நல்லது. அப்போது எடை பிரேக் உள்ள பக்கத்தில் தங்கும். அப்படியும் சறுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை நிலத்தில் இறக்கிவிடுங்கள். அதைவிடச் சிறந்த பிரேக் அந்த நேரத்தில் வேறில்லை.

அடுத்தது எடை. லோடர் பூட்டிய வண்டியின் பின்னால் ஒன்றுமே மாட்டாமல் பனி அள்ளக்கூடாது. பின்பக்கத்தில் கருவிகளை மாட்டும் மூன்று முனை இணைப்பில் ஒரு பாரப்பெட்டியையோ, பனி தள்ளும் பின்தகட்டையோ, பெட்டித் தகட்டையோ மாட்டிவையுங்கள். பின்டயர்களுக்குள் திரவம் நிரப்புவதும் நல்ல வழிதான். வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் இங்கே அது ஆகாது. கல்சியம் குளோரைட் கரைசல் கனமானது, உறையாது, ஆனால் கசிந்தால் சில்லின் இரும்பை அரித்துவிடும். பீற் சர்க்கரைக் கிழங்கிலிருந்து கிடைக்கும் சாறு லீற்றருக்கு ஏறக்குறைய 1.3 கிலோ எடையுள்ளது, இரும்பை அரிப்பதில்லை, விலைதான் சற்றுக் கூடுதல். எதை நிரப்பினாலும் டயரின் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மிச்சத்தில் காற்றுக்கு இடம் விடவேண்டும்.

இனி உங்கள் வன்னி வயலுக்கு வருகிறேன். சேற்றில் டயரின் தடித்த பற்கள் புதைந்து, அடியிலுள்ள இறுகிய மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. வயலுக்கு இறக்கும்போது பூட்டும் இரும்புக் கூண்டுச் சில்லின் வேலையும் அதுதான். உறைந்த தரையில் பல் புதைய இடமில்லை. பல்லின் மேற்பரப்பு மட்டும் தரையைத் தொடுவதால், சேற்றில் உங்களைக் காப்பாற்றிய அதே இடைவெளி இங்கே தொடுபரப்பைக் குறைத்து உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. உழவுக்கான ஆர்-1 டயரும், இங்கே பெரும்பாலான வண்டிகளோடு வரும் ஆர்-4 டயரும் பனிக்கட்டியில் ஏறக்குறைய ஒரே மாதிரி வழுக்கும். புற்றரைக்கான ஆர்-3 டயர், மிதித்து இறுகிய பனியில் இவ்விரண்டையும்விடச் சற்று நன்றாகப் பிடிக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆகவே, சமதரைக்கு விற்பனையாளர் சொன்னது பெரும்பாலும் சரி. உங்கள் 40 மீற்றர் சரிவுக்கு அது சரியல்ல. நான்கு சில்லும் சுழன்றாலும், நான்கும் வழுக்கும் தரையில் அதனால் பயனில்லை. சங்கிலியை ஏறுவதற்காக அல்லாமல் நிற்பதற்காக வாங்குங்கள்.

கேள்வி: சங்கிலி வாங்கப் போனால் கடையில் நான்கைந்து வகையைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்று விளக்கமாக எழுதுவீர்களா? சென்ற ஆண்டு பூட்டிய சங்கிலி ஒரு மணி நேரத்துக்குள் கழன்று உட்பக்கம் சுற்றிக்கொண்டது.
(பாரி நகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 1904 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி வீட் என்பவர் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றுப் பாதைகளில் சாரதிகள் சில்லைச் சுற்றிக் கயிறு கட்டுவதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்பார்கள். இரண்டு பக்கச் சங்கிலிகள், அவற்றுக்கிடையே ஏணிப்படிகள் போலக் குறுக்குச் சங்கிலிகள் என்ற அந்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது அந்தப் படிகளுக்கு இடையிலுள்ள தூரம். பக்கச் சங்கிலியில் நான்கு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ளது மலிவு. ஆனால் ஆர்-1, ஆர்-4 டயர்களில் அந்தக் குறுக்குச் சங்கிலிகள் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்து ஒளிந்துகொள்ளும். சங்கிலி பூட்டியிருந்தும் தரையைத் தொடுவது ரப்பர்தான். இரண்டு கண்ணிக்கு ஒன்று உள்ளதை வாங்கினால் சில சங்கிலிகளாவது எப்போதும் பல்லின் மேல் இருக்கும். வலை போலப் பின்னிய சங்கிலி அதைவிடவும் சிறந்தது. பள்ளத்தில் விழாது, சரிவில் குறுக்காகப் போகும்போது பக்கவாட்டில் சறுக்குவதையும் தடுக்கும். ஏணிச் சங்கிலி முன்பின் சறுக்கலைத் தடுக்கும் அளவுக்குப் பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுப்பதில்லை. உங்கள் பாதை வெறும் ஐஸாக உறைவதாக இருந்தால், குறுக்குக் கண்ணிகளில் இரும்புத் துண்டு ஒட்டவைத்த வி-பார் வகையைப் பாருங்கள். அளவு விடயத்தில் கண்மதிப்பு வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் 15-19.5 என்றோ 43x16.00-20 என்றோ எழுதியிருக்கும். அந்த எண்களை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பூட்டுவதற்கு முன்னர் இடைவெளி பார்க்கவேண்டும். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே, மூன்று முனை இணைப்பின் கைகளுக்கும் டயருக்கும் நடுவே, கைவிரல் நான்கு தாராளமாக நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள். இணைப்பின் கைகளை முழுதாக உயர்த்தியும் முழுதாகத் தாழ்த்தியும் இருமுறை பார்க்கவேண்டும். பலரும் ஒருமுறை மட்டுமே பார்ப்பதால்தான் பிறகு சங்கிலி ஹைட்ரோலிக் குழாயில் உரசுகிறது. இடம் போதாவிட்டால், சில்லுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேஸர் அதே வண்டி மாதிரிக்கென்று கிடைக்கும்.

பூட்டும் வேலையை கராஜின் சமதரையில், வெப்பமான ஒரு பகற்பொழுதில், முதற் பனிக்கு முன்னரே செய்துவிடுங்கள். வண்டியை நிறுத்திப் பக்கெட்டை நிலத்தில் இறக்கி, ஒரு பின்சில்லுக்கு முன்னே சங்கிலியை முறுக்கில்லாமல் நீளமாக விரித்துப் போடுங்கள். குறுக்குச் சங்கிலிகளின் கொக்கி நுனிகள் தரையைப் பார்த்திருக்கவேண்டும். அப்போதுதான் சுற்றிய பின் அவை டயரைக் கிழிக்காமல் வெளிப்பக்கம் நிற்கும். வண்டியை மெல்ல ஓட்டிச் சங்கிலியின் நடுப்பகுதிமேல் ஏற்றி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் போட்டபிறகு இறங்குங்கள். இரண்டு முனைகளையும் டயர்மேல் தூக்கி இழுத்து, முதலில் உட்பக்கக் கொக்கியை மாட்டவேண்டும். அது கைக்கு எட்டாத, கண்ணுக்குத் தெரியாத இடம். தரையில் ஒரு காட்போட் மட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு, தலையில் கட்டும் விளக்கோடு செய்வதே எளிது. உட்பக்கத்தில் எத்தனையாவது கண்ணியில் மாட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள். வெளிப்பக்கத்தை நெம்புபூட்டால் எவ்வளவுதான் இறுக்கினாலும், உட்பக்கம் ஒரு கண்ணி தொய்வாக இருந்தால் சங்கிலி மெல்ல மெல்ல உட்பக்கமாக நகரும். உங்களுக்குச் சென்ற ஆண்டு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

டயரில் திரவம் இல்லையென்றால் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சங்கிலியை மாட்டி, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றடிக்கும் பழைய முறை நன்றாக வேலை செய்யும். டயர் ஊதும்போது தானாகவே சங்கிலியை இறுக்கிக்கொள்ளும். பிறகு பத்து இருபது மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்கவேண்டும். இந்த இரண்டாவது இறுக்கல் மிக முக்கியம். முதலில் எவ்வளவு இறுக்கினாலும் ஓடியபின் ஒன்றிரண்டு கண்ணி தளரும். மிஞ்சிய கண்ணிகள் தொங்கிக்கொண்டு மட்காட்டில் அடிக்காதபடி கம்பியால் கட்டிவிடுங்கள். வெளிப்பக்கத்தில் நட்சத்திரம் போல மாட்டும் ரப்பர் இறுக்கி குளிரில் சீக்கிரம் அறுந்துபோகும். ஆகவே அதை நம்பித் தொய்வான சங்கிலியோடு ஓடவேண்டாம். சரியாகப் பூட்டிய சங்கிலிக்கு அது ஓர் உதவி, அவ்வளவுதான்.

ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் பின்சில்லுக்கே வாங்குங்கள், பிரேக் அங்கேதான் இருக்கிறது. முன்சில்லுக்கு மட்டும் பூட்டினால், இறங்கும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். சங்கிலியோடு நடைவேகத்தில் ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பாதை தார் போட்டது, கராஜ் வாசலில் கொங்கிறீற். சங்கிலி கீறிவிடுமா?
(பீற்றர்பரோ வாசகர்)

பதில்: வி-பார் உறுதியாகக் கீறும். சாதாரணச் சங்கிலியும் பனியில்லாத வெறுந்தரையில் ஒரே இடத்தில் சில்லைச் சுழலவிட்டால் தழும்பு போடும். உங்கள் பாதை சமமாக இருந்தால், எடையைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொண்டு சங்கிலி இல்லாமல் ஒரு குளிர்காலம் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் காணியின் பின்பக்கக் காட்டில் விழுந்த மரங்களை உழவு இயந்திரத்தால் இழுக்கிறார். மரத்தை இழுக்கும் சங்கிலியை மூன்று முனை இணைப்பின் மேற்பகுதியில் கட்டினால் மரத்தின் முனை நிலத்தில் குத்தாமல் உயர்ந்து வரும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் எழுதினால் வாசிப்பார்.
(ஓவன் சவுண்ட் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஐயா, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன், தயவுசெய்து இன்றே அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பின்னச்சின் மட்டத்துக்கு மேலே எதைக் கட்டி இழுத்தாலும், மரம் ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கிய அந்தக் கணத்தில், சில்லு முன்னே போக முடியாமல் வண்டியின் முன்பக்கம் அச்சைச் சுற்றி மேலே எழும்பும். முன்சில்லு நிலத்தைவிட்டு எழுந்ததிலிருந்து வண்டி பின்புறமாகச் சாரதிமேல் கவிழ்வதைத் தடுக்க முடியாத நிலைக்கு வரும்வரை எடுக்கும் நேரம், ஒருவர் கிளச்சை மிதிக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. பின்சில்லுக்குச் சங்கிலி பூட்டியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். வழுக்கவேண்டிய இடத்தில் டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்வதால், அந்தப் பலம் முழுவதும் முன்பக்கத்தைத் தூக்குவதற்கே போகும்.

இழுப்பதற்கென்று அச்சுக்குக் கீழே அமைத்திருக்கும் இழுவைச் சட்டத்தில் மட்டும் கட்டவேண்டும். சாரதி இருக்கைக்குப் பின்னே வளைந்து நிற்கும் பாதுகாப்புச் சட்டம் கிளைகளில் இடிக்கிறது என்று பலர் மடக்கிவைக்கிறார்கள். அதை நிமிர்த்திப் பூட்டி, இருக்கைப் பட்டியையும் போட்டுக்கொள்ளவேண்டும். சட்டம் நிமிர்ந்திருந்தும் பட்டி போடாவிட்டால் அது காக்காது. பட்டி போட்டும் சட்டம் மடங்கியிருந்தால் பட்டியே சாரதியை வண்டியோடு கட்டிவைத்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் இதற்காகக் கடிதம் எழுதியிருக்கிறார் என்பதை மனத்தில் வையுங்கள்.

கேள்வி: பின்பக்கம் மாட்டும் பனி ஊதும் இயந்திரம் ஈரப்பனியில் அடிக்கடி அடைக்கிறது. கிறவலையும் அள்ளி வீசுகிறது. வாசலில் சேரும் பனியைத் தெருவுக்கு ஊதிவிடலாமா?
(மீண்டும் ஓரில்லியா, வேறொரு வாசகர்)

பதில்: தெருவுக்கு ஊதக்கூடாது. எழுத்துமூல அனுமதியில்லாமல் தெருவில் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது. இரவில் அந்தக் குவியலில் வந்து மோதுபவர் உங்கள் அயலவராகவே இருக்கலாம்.

அடைப்பை ஒருபோதும் கையால் எடுக்காதீர்கள். பி.டி.ஓ எனப்படும் பின்புறச் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. அதை நிறுத்தி, இஞ்சினையும் அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு தடியால் குத்தி எடுங்கள். ஈரப்பனியில் இஞ்சினை முழு வேகத்தில் வைத்து வண்டியை மட்டும் மெதுவாக நகர்த்தினால் அடைப்புக் குறையும். கிறவல் பாதையில் முதல் இரண்டு பனிப்பொழிவை வழிக்காமல், வண்டியால் மிதித்து இறுக்கி உறையவிடுங்கள். அந்தத் தட்டு கல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன்பின் ஊதும் இயந்திரத்தின் சறுக்குக் கால்களைக் கீழே இறக்கிப் பூட்டி, இயந்திரத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கும்படி வைத்தால், சித்திரை மாதம் புற்றரையில் கிறவல் பொறுக்கும் வேலை மிச்சமாகும்.

வண்டி எங்கே ஓடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீர்த் தொட்டியின் வடிகால் நிலத்தின்மேல் வண்டியை ஓட்டாதீர்கள். மிதிபட்டு இறுகிய பனி குளிரைத் தடுப்பதற்குப் பதிலாகக் கீழே கடத்துகிறது; நிலத்தடிக் குழாய் உறைந்தால், தை மாதத்தில் அதைத் திருத்த ஆள் பிடிப்பது மிகக் கடினம்.

கேள்வி: கடுங்குளிரில் காலையில் இஞ்சின் பிடித்து, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது.
(பாரி)

பதில்: நீங்கள் நிரப்பும் கானில் உள்ள டீசல் எப்போது வாங்கியது என்று பாருங்கள். கோடையில் வாங்கிய டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். குழாயில் இருக்கும் கொஞ்சத்தில் பிடித்து, அது தீர்ந்ததும் நின்றுவிடும். வடிகட்டியை மாற்றி, குளிர்காலக் கலவை டீசலை நிரப்புங்கள். இரவில் இஞ்சின் சூடாக்கியை மின்சாரத்தில் செருகிவையுங்கள். காலையில் பிடித்ததும் பத்து நிமிடமாவது மெல்ல ஓடவிட்டு, ஹைட்ரோலிக் எண்ணெய் இளகிய பின்னரே லோடரைத் தூக்குங்கள். அந்தப் பத்து நிமிடமும் கராஜின் கதவை முழுதாகத் திறந்துவைத்தோ, வண்டியை வெளியே எடுத்துவைத்தோ மட்டுமே ஓடவிடவேண்டும். புகையில் மணமில்லாத நச்சுவாயு ஒன்று உண்டு. அது வீட்டுக்குள்ளும் வரும்.